மார்கழியில் திம்பமும் வால்பாறையும்

திங்கள், கோபிசெட்டிபாளையம்

தை பிறந்ததும் வால்பாறைக் கிளையில் சேர வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. அம்மா கோபியில் தனியாக இருக்கிறார். வாரம் ஒரு முறையாவது மலையிறங்கி வந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஈரோடு, கரூர், கோவை என்று சமவெளியில் எங்கும் தயங்காமல் கார் ஓட்டுவேன். மலைச்சாலை முழுவதையும் என் கையால் ஓட்டிக் கடந்ததில்லை. செய்தியைக் கேட்டதும் சின்ன மாமா, "முதலில் திம்பம், அடுத்து வால்பாறை. நீ ஓட்டு அம்மிணி, நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன்" என்றார். சங்ககிரி லாரிகளில் கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடியவர். மைசூருக்கு மஞ்சள் மூட்டை ஏற்றிக்கொண்டு திம்பத்தை எத்தனை முறை ஏறி இறங்கினார் என்று அவருக்கே கணக்கில்லை. மார்கழிப் பனியில் இந்த இரண்டு மலைகளையும் கற்றுக்கொண்டால் மற்ற மாதங்கள் எளிது என்பது அவர் கணக்கு.

என்னைப் போல முதல்முறை மலையில் ஓட்டப்போகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக அன்றன்று இரவே எழுதிப் பதிவிடுகிறேன்.

மாலையில் மாமா காரைச் சுற்றி வந்தார். டயர் பட்டனுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் வார்த்திருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று பொருள். ஈரச் சாலையில் அந்த டயரை நம்ப முடியாது. என் டயர்கள் தேறின. வைப்பர் ரப்பர் தேறவில்லை. வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. கடை அடைப்பதற்குள் ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வந்தேன்.

செவ்வாய், சத்தியமங்கலம் – ஆசனூர்

விடியலில் கிளம்பலாம் என்று நான் சொன்னேன். மாமா ஒன்பது மணிக்கு முன் சாவியைத் தரவில்லை. மார்கழியில் சூரியன் எழவே ஆறரை தாண்டிவிடும். பவானிசாகர் அணைப் பக்கத்துப் பனி கலைய அதற்கு மேலும் நேரம் பிடிக்கும். எல்லோரும் பனியில் கிளம்பி வெயிலில் போய்ச் சேர்கிறார்கள், நாம் வெயிலில் கிளம்பி வெயிலிலேயே போய்ச் சேருவோம் என்றார்.

பண்ணாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டினோம். இங்கிருந்து சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், 2013இல் அறிவிக்கப்பட்டது. கோவையிலிருந்து கர்நாடகம் போகும் தேசிய நெடுஞ்சாலை 948 இந்தக் காட்டைக் கிழித்துக்கொண்டு இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளில் திம்பத்துக்கு ஏறுகிறது. 2022 பிப்ரவரி 10 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இங்கே இரவுப் போக்குவரத்துக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. உள்ளூர் மக்களுக்கும் வேறு சிலருக்கும் பிறகு தளர்வு கிடைத்தது. காட்டு உயிர்களுக்காக வந்த தடை மனிதர்களையும் காப்பாற்றுகிறது என்றே நினைக்கிறேன்.

ஏறும்போது மாமா சொல்லித் தந்தது இதுதான்: வளைவுக்குள் போய்க் கியரைத் தேடக் கூடாது. வளைவு கண்ணில் பட்டதுமே இரண்டாம் கியருக்கு வந்துவிட வேண்டும். செங்குத்தாக இருந்தால் முதல் கியர். எஞ்சின் திணறத் தொடங்கிய பிறகு மாற்றினால் வண்டி ஒரு கணம் பின்னால் நழுவும், பின்னால் நிற்பவன் பயந்துபோவான். முன்னால் லாரி ஏறினால் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. பாரத்தோடு ஏறும் லாரி கியர் பிடிக்காமல் பின்னால் உருண்டால், கிளீனர் கட்டையோடு குதித்து ஓடி வருவதற்குள் நாம் நசுங்கியிருப்போம்.

நீள லாரிக்கு இந்த வளைவுகளில் சாலையின் முழு அகலமும் வேண்டும். எதிரே இறங்கி வந்தால் வளைவுக்குச் சற்று முன்பே இடது ஓரத்தில் நின்று அதை முழுமையாகத் திரும்ப விட வேண்டும். இத்தனைக்கும் சட்டம் ஏறுகிற வண்டியின் பக்கம்தான் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகள்படி, இரண்டு வண்டிகள் தாராளமாகக் கடக்க முடியாத மலைச்சாலையில் இறங்குகிற வண்டிதான் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். மாமாவோ, "விதி உன் பக்கம் இருக்கும் அம்மிணி, பள்ளமும் உன் பக்கம்தான் இருக்கிறது" என்றார். நான் நின்று லாரிக்கு வழிவிட்டேன்.

பாட்டை நிறுத்தச் சொன்னார். ஜன்னலை நாலு விரல் இறக்கச் சொன்னார். அந்த நாலு விரல் இடைவெளி எனக்கு ஒரு புதிய புலனைத் தந்தது என்றே சொல்வேன். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடுகிறது: பஸ்ஸின் ஹாரன், லாரியின் உறுமல், பைக்கின் சீறல். எல்லாம் வந்து சேருவதற்கு முன்பே பிரிந்து கேட்கின்றன.

இருபது வளைவுகளுக்கு மேல் மூடுபனி இறங்கியது. கீழே வெயில், மேலே பனி. வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவரும் ஈரக் காற்று மலைச்சரிவில் மோதி மேலேறும்போது குளிர்ந்து பனியாகிறது. சரிவில் ஏற ஏற இது திடீரென்றுதான் வரும். பிரைட் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும், பனித்துளிகள் ஒளியைக் கண்ணிலேயே திருப்பி அடிக்கின்றன. டிப் லைட்டில் சாலையின் ஓரக்கோடு தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனேன். நாலு பக்க இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஒரு வேன் போனது. அது எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று பின்னால் வருகிறவருக்கு எப்படித் தெரியும்? அந்த விளக்கு நின்றுவிட்ட வண்டிக்கு உரியது. பனியில் எவ்வளவு தூரம் தெரிகிறதோ அதற்குள் நிற்கக் கூடிய வேகம்தான் வேகம். மணிக்கு 40 கிலோமீட்டரில் ஒரு விநாடிக்குள் வண்டி 11 மீட்டர் ஓடிவிடும். காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோகவே அந்த ஒரு விநாடி ஆகிவிடும். இருபது மீட்டர்தான் தெரிகிறது என்றால் மிச்சத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடி உள்பக்கம் மங்கியது. துணியால் துடைக்கப் போனேன். மாமா கையைத் தட்டிவிட்டார். ஏசியைப் போட்டுக் காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பினால் அரை நிமிடத்தில் தெளிகிறது. ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும், குளிர் வேண்டாதவர் வெப்பத்தைக் கூட்டிக்கொள்ளலாம். வெளிப்பக்கம் மங்கினால் வைப்பர்.

மேல் வளைவு ஒன்றில் நீள லாரி மாட்டிக்கொண்டு நின்றது. திம்பத்தில் இது அடிக்கடி நடப்பது. வரிசை அசையவில்லை. ஹேண்ட் பிரேக், முதல் கியர், முன்சக்கரம் மலைப்பக்கம் திரும்பியபடி எஞ்சினை நிறுத்தினேன். சில கார்கள் வரிசையை உடைத்து எதிர்த்தடத்தில் ஏறின. மேலிருந்து வந்த மீட்பு வண்டிக்கு வழியில்லாமல் போனது. பத்து நிமிடம் மிச்சம் பிடிக்கப் போனவர்கள் நூறு குடும்பங்களைக் காட்டு நடுவே மணிக்கணக்கில் நிறுத்தினார்கள். எங்களிடம் தண்ணீர், முறுக்கு, ஒரு போர்வை இருந்தன. பக்கத்துக் காரில் கைக்குழந்தையோடு இருந்த பெண்ணுக்குப் போர்வையைக் கொடுத்தோம். மலைக்குப் போகும் வண்டியில் போர்வை இல்லாமல் இனி கிளம்ப மாட்டேன்.

ஆசனூர் சேரும்போது மாலை மூன்றரை. காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிகளை எதிர்பார்த்து யானைகள் சாலைக்கு வருவது எல்லோருக்கும் தெரிந்தது. இன்றும் ஓரத்தில் ஒரு தாயும் குட்டியும் நின்றன. ஹாரன் அடிக்காமல், விளக்கை மின்னவிடாமல், எஞ்சினை அணைக்காமல் நல்ல தூரத்தில் நின்றோம். அவை போன பிறகு நகர்ந்தோம்.

புதன், திம்பம் இறக்கம்

இன்றைய பாடத்துக்காகத்தான் இந்தப் பயணமே. ஏற்றத்தில் வண்டி நம்மைத் தடுக்கும், இறக்கத்தில் நம்மைத் தள்ளும். பயப்பட வேண்டியது தள்ளும்போதுதான்.

கணக்கை நேற்றிரவே போட்டு வைத்தேன். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியாகும் ஆற்றல் முப்பத்தைந்து லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். பிரேக்கை மட்டும் நம்பினால் அத்தனை சூடும் நான்கு சக்கரங்களின் பிரேக்குக்குள் போகும். பிரேக் கட்டை பிடிமானத்தை இழக்கும், பிரேக் ஆயில் கொதித்து நீராவிக் குமிழ் விடும். குமிழ் அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால் பெடல் திடீரென்று பஞ்சு போல உள்ளே போய்விடும். எஞ்சினிடம் வேலையைக் கொடுத்தால் அந்தச் சுமையில் பெரும்பகுதியை அது சுமந்துகொள்ளும்.

"எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு." லாரிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்வது. உச்சியிலேயே இரண்டாம் கியரைப் போட்டுக்கொண்டேன். வேகம் கூடினால் பிரேக்கை ஒரு முறை நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை முழுவதும் எடுத்துவிட வேண்டும். கால் பெடலிலேயே படிந்திருந்தால் கட்டைக்கு ஆற நேரம் கிடைக்காது. ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் 'டி'யிலேயே இறங்குவதைப் பார்க்கிறேன். அதிலும் 'எல்' என்றோ '2' என்றோ இருக்கும். கையால் கியர் மாற்றும் வசதியும் பல வண்டிகளில் உண்டு. அது எங்கே இருக்கிறது என்று வீட்டு வாசலிலேயே தேடிக் கண்டுபிடித்து வையுங்கள்.

பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிறவர்களை மாமா நேரில் திட்டியே பழகியவர். எஞ்சினை அணைத்து இறங்குவது அதைவிட மோசம். பிரேக்குக்கு எஞ்சின் தரும் துணைவிசை இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். பெடல் கல்லாகும், ஸ்டியரிங் கனக்கும். நியூட்ரலில் மிச்சமும் ஒன்றுமில்லை. இன்றைய கார்களில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டால் இறக்கத்தில் எரிபொருள் செல்வதே நின்றுவிடும்.

பாதி வழியில் ஒரு டெம்போ ஓரங்கட்டி நின்றது. கருகிய வாடை எங்கள் வண்டிக்குள் வரை வந்தது. டிரைவர் தண்ணீர் பாட்டிலோடு சக்கரத்தடியில் குனிந்திருந்தார். மாமா இறங்கி ஓடினார். கொதிக்கும் டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். சூடான பிரேக்கில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கல் வைத்து, கியரில் போட்டு, அது தானாக ஆறும் வரை காத்திருக்க வேண்டும். எங்கள் காரிலிருந்த எச்சரிக்கை முக்கோணத்தை மேல் வளைவுக்கு முன்னால் வைத்துவிட்டு, அந்த டிரைவர் தெளியும் வரை மாமா அங்கேயே நின்றார். எனக்கு மாமாவைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

பண்ணாரியில் டீ குடிக்கும்போது அவர் சொன்னதை இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சாவடி மூடும் நேரத்துக்குள் இறங்கிவிட வேண்டும் என்று கடைசி ஒரு மணி நேரத்தில் பறக்கிறார்களே, அந்த ஒரு மணி நேரம்தான் அவர் பார்த்த வரை மலையில் மிகவும் மோசமான நேரமாம். மாலை நிழல் விழுந்திருக்கும், ஓட்டுகிறவர் களைத்திருப்பார், கண் கைக்கடிகாரத்தில் இருக்கும். மலையில் அவர் பார்த்த விபத்துகளில் பாதி, கீழேயே தாமதமாகக் கிளம்பியபோது தொடங்கியவை. எனக்கு இது கண் திறந்தது போலிருந்தது. கியர், பிரேக், விளக்கு என்று எத்தனை கற்றாலும், நேரம் கையில் இல்லாதவர் அதில் எதையும் செய்ய மாட்டார்.

வியாழன், பொள்ளாச்சி

புளியம்பட்டி, அன்னூர், கோவை வழியாக நேற்றிரவு பெரியம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். இன்று பட்டறை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205, 140. சமவெளியில் ஓடும் வரை இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. என் வண்டியில் ஆயில் மாற்றி இரண்டு வருடம் கடந்திருந்ததால் மாற்றிக்கொண்டேன்.

பழனிச் சாலையில் பாதயாத்திரைக் கூட்டம் தொடங்கிவிட்டது. பலர் ஒளிரும் பட்டை ஒட்டிய பைகளோடு நடந்தார்கள், பார்க்க நிம்மதியாக இருந்தது. இருட்டில் கறுப்பு வேட்டியோடு ஓரத்தில் நடந்த ஐயப்ப பக்தர்கள் சிலர் பக்கத்தில் வரும் வரை கண்ணுக்கே தெரியவில்லை. நடக்கிறவர்களே, தயவுசெய்து ஒரு பட்டையாவது ஒட்டிக்கொள்ளுங்கள்.

வெள்ளி, ஆழியாறு – வால்பாறை

ஆழியாறு சாவடி தாண்டியதும் நாற்பது வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே போவது பொழுதுபோக்கல்ல. பல இடங்களில் செல்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது, கிடைத்த இடத்தில் 108க்கு அழைத்தால் முதல் கேள்வி "எங்கே?" என்பதுதான். எத்தனையாவது வளைவு என்று சொன்னால் ஆம்புலன்ஸ் தேடாமல் வரும்.

ஒன்பதாவது வளைவில் ஆழியாறு அணை முழுவதும் கீழே விரிகிறது, வரையாடுகள் தடுப்புச்சுவர் மேல் நிற்கின்றன. அழகு எல்லோரையும் வளைவிலேயே நிறுத்திவிடுகிறது. கதவைத் திறந்து நடுச்சாலையில் இறங்கிய ஒரு குடும்பத்தைப் பார்த்து என் நெஞ்சு அடித்துக்கொண்டது. கொஞ்சம் தள்ளி அகலமான இடத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்தால் வரையாடு ஓடிப்போய்விடாது.

அட்டகட்டிக்கு மேல் சாலை ஈரம். காய்ந்த இலை, எஸ்டேட் பாதைகளிலிருந்து வந்த சேறு, ஈரமான வெள்ளைக் கோடு என்று எல்லாமே வழுக்கின. கார் தாங்கிக்கொள்கிறது. பைக்கில் வருகிற பிள்ளைகளை நினைத்துத்தான் கலங்குகிறேன். கையுறை இல்லாமல் மெல்லிய சட்டையோடு கும்பலாக ஏறினார்கள். குளிர்க்காற்றில் விரல் மரத்தால் பிரேக்கை எவ்வளவு பிடிக்கிறோம் என்பதே கைக்குத் தெரியாது. டீக்கடையில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு தம்பியிடம் மாமா தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "வெயில் வந்த பிறகு இறங்கு சாமி" என்றார். அவனும் சரி என்று தலையாட்டினான்.

கவர்க்கல்லில் பகல் இரண்டு மணிக்கே ஒன்றும் தெரியவில்லை. ஒரு அரசு பஸ் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. முந்த நினைக்கவே இல்லை. நன்றாக இடைவெளி விட்டு அதன் பின்விளக்கைப் பார்த்தபடி போனேன். அதையும் கண்மூடி நம்பக் கூடாது என்று மாமா எச்சரித்தார். அது வழிதவறினால் நாமும் தவறுவோம், ஓரக்கோட்டில் ஒரு கண் இருக்க வேண்டும்.

சனி, வால்பாறை

இன்று காரைத் தொடவில்லை. கிளையைப் போய்ப் பார்த்தேன், தங்குவதற்கு அறை பேசினேன். வால்பாறை மேட்டுநிலத்துக்கு யானைக் கூட்டங்கள் அதிகம் வருவது இந்தக் குளிர்மாதங்களில்தான். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பினர் யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாக மக்களுக்கு அனுப்புகிறார்கள். முக்கியமான இடங்களில் உயரத்தில் சிவப்பு விளக்குகளும் வைத்திருக்கிறார்கள். அது எரிந்தால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று பொருள். அறை கொடுத்த அக்கா, சிவப்பு எரிந்தால் வேலை கிடக்கட்டும், திரும்பி வந்துவிடு என்று கண்டிப்பாகச் சொன்னார். குறுஞ்செய்திக்கு என் எண்ணைக் கொடுப்பது எப்படி என்றும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு, இறக்கம்

பனி விலக எட்டரை ஆயிற்று; அதன்பிறகே கிளம்பினோம். மாமா வழி முழுவதும் பேசவில்லை. இரண்டாம் கியர், அழுத்து, விடு, ஜன்னல் நாலு விரல். இருபதுக்குக் கீழே ஒரு வளைவில் பஸ் ஹாரன் கேட்டு முன்கூட்டியே நின்றேன்; பஸ் என் தடத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனது, டிரைவர் கையைத் தூக்கிக் காட்டினார். காலை வெயில் சில திருப்பங்களில் நேரே கண்ணில் அடித்தது, தடுப்புத் தட்டை இறக்கிக்கொண்டு இன்னும் மெதுவாகப் போனேன். ஆழியாறில் இறங்கிச் சக்கரங்களின் பக்கம் குனிந்து பார்த்தேன். கருகல் வாடை கொஞ்சமும் இல்லை.

மேலாளருக்கு அங்கிருந்தே பேசினேன். வெள்ளி மாலை வேலை முடிந்ததும் கிளம்ப மாட்டேன், சனிக்கிழமை வெயில் வந்த பிறகே இறங்குவேன், ஞாயிறு மதியத்துக்குள் மலையேறிவிடுவேன் என்று சொன்னேன். கவர்க்கல் பனி குறையும் வரை மாதம் இரண்டு முறை பஸ்ஸில்தான். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்: சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருவேன், வெள்ளி இரவு விழித்துக் காத்திருக்க வேண்டாம்.